திரையா, கரும்பலகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கற்பித்தலுக்குச் சிறந்தது தொழில்நுட்பமா, வகுப்பறையா என்று பள்ளி மாணவர்கள் நடத்திய பட்டிமன்றம் பற்றிய செய்தியைப் படித்தேன். அவர்களே இதைப் பேச முன்வந்தது மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் எந்தப் பாடத்துக்கு எது பொருந்தும் என்பதைத்தான் கூடுதலாக விவாதித்திருக்க வேண்டும்.

இதயம் சுருங்கி விரிவதைக் கரும்பலகையில் எவ்வளவு வரைந்தாலும் அசைவு தெரியாது. அங்கே காணொளிதான் சரி. பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பு மென்பொருள் பெரிய துணை. பின்னக் கணக்கு அப்படியல்ல. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளைக்குத் திரையில் தோன்றும் 'தவறு' என்ற குறி மட்டும் போதாது. மேலே உள்ளதை மேலேயும், கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது என்பதை நோட்டை எட்டிப் பார்க்கும் ஆசிரியர் சட்டென்று பிடித்துவிடுவார். ஏன் அப்படிச் செய்தாய் என்று பொறுமையாகக் கேட்பார்.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது இணையவழி வகுப்பு கைகொடுத்தது உண்மை. கைப்பேசி இல்லாத பிள்ளைகள் விடுபட்டதும் உண்மை. தொழில்நுட்பம் ஆசிரியருக்கு மாற்றாகிவிடக் கூடாது என்றுதான் யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் சொல்கிறது. கருவி வாங்கும் பள்ளிகள் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரட்டும். அடுத்த பட்டிமன்றத்துக்கு அவர்களையும் பேச அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்