முதலில் கருகுவது யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையிலேயே ஆள் கருகிப்போகிற 'பர்ன்அவுட்' என்ற வேலைச் சோர்வு பற்றிப் பேச்சு வந்தாலே 'யோகா பண்ணுங்க, சீக்கிரம் தூங்குங்க' என்று முடித்துவிடுகிறார்கள். 22 வருடமாக வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன்; நான் பார்த்தவரை முதலில் கருகிப்போவது சோம்பேறிகள் அல்ல. எங்கள் கேஷ் கவுன்ட்டரில் ஒரு அம்மா இருந்தார், மாலைக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தால்கூட எல்லா வவுச்சரையும் மறுபடி புரட்டுவார், வீட்டுக்குப் போன பிறகும் பெட்டியைச் சரியாகப் பூட்டினோமா என்று போன் போட்டுக் கேட்பார், யார் லீவு போட்டாலும் அந்த வேலையும் அவர் தலையில்தான். கடைசியில் வாடிக்கையாளர் முகத்தையே நிமிர்ந்து பார்க்காமல் சலானை மட்டும் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்.

உளவியலில் ஆளுமையை ஐந்து பண்புகளாகப் பிரிப்பார்கள். அதில் எதற்கெடுத்தாலும் பதறிக் கவலைப்படுகிற குணம்தான் இந்தச் சோர்வோடு அதிகம் ஒட்டி வருகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பொறுப்புணர்வு பொதுவாக நல்லதுதான், ஆனால் அது 'ஒரு தப்பும் வந்துவிடக் கூடாது' என்ற பயமாகிவிட்டால் கதை வேறு.

சரி, எல்லாம் அவரவர் குணம் என்று நிர்வாகம் கைகழுவ முடியுமா? உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இந்த வேலைச் சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்த்தால் எந்தக் குணமும் தாங்காது. எங்களுக்கோ காலியிடத்தை நிரப்பாமல் மன அழுத்தம் குறைக்கும் வகுப்பு வைக்கிறார்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை!

- வங்கி ஊழியர், திருச்சி