செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பெற்றோர்களே, வணக்கம்.

அறிக்கை ஆண்டில் செயற்குழு முறைப்படி கூடியது. அக்டோபர் 10 உலக மனநல நாளில் பேரணி நடந்தது. பொங்கல் விழா நல்லபடியாக நிறைவேறியது.

ஞாயிறு வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எடுத்ததற்கெல்லாம் கை ஓங்கி, பொருளை உடைத்து, பள்ளியில் நிற்க முடியாமல் திரும்பி வரும் நம் பிள்ளைகளுக்கு, ஒரு சிக்கல் வந்தால் நிதானித்து வழி தேடச் சொல்லித்தரும் வகுப்பு அது. "சும்மா பேசிட்டு இருக்காங்க" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாளாவது உள்ளே வந்து உட்கார்ந்திருக்கலாம்.

கேரம் ஆட்டத்தில் தன் முறையை இன்னொருவன் ஆடிவிட்டான் என்று ஒரு பையன் கையை முறுக்கிக்கொண்டு எழுந்தான். பயிற்றுநர் அதட்டவில்லை. "இப்ப என்ன பிரச்சினை? என்னென்ன செய்யலாம், சொல்லு" என்றார். "அடிப்பேன்." "போர்டைக் கவுத்துருவேன்." "சார்கிட்ட சொல்வேன்." கொஞ்சம் பொறுத்து, "என் டர்ன் தானேன்னு கேட்பேன்." நான்கும் கரும்பலகையில் ஏறின. ஒவ்வொன்றுக்கும் நேரே, செய்தால் அப்புறம் என்ன ஆகும் என்று அவனே சொல்லச் சொல்ல எழுதினோம். அடித்தால் ஆட்டம் நின்றுபோகும் என்பது அவன் வாயாலேயே வந்தது.

"அடிப்பேன்" என்று எழுதிய பலகையைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, சங்கம் அடிதடி கற்றுக்கொடுக்கிறது என்றார் ஓர் உறுப்பினர். சிக்கலுக்கு வழி தேடும் இந்த முறையை 1971ல் வகுத்த அமெரிக்க உளவியலாளர்கள் டிசுரில்லா, கோல்ட்ஃபிரைட் இருவருமே, வழிகளைத் தேடும் கட்டத்தில் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லவிட வேண்டும் என்றுதான் வைத்தார்கள். நம் பிள்ளைக்கு முதலில் தோன்றுவது அடிதான். எழுதாமல் விட்டால் அந்த எண்ணம் போய்விடாது. நம்மிடம் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொள்வான்.

என்ன பிரச்சினை, என்னென்ன செய்யலாம், செய்தால் என்ன ஆகும் என்ற இந்தக் கேள்விகளைப் பிள்ளை முதலில் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும், பிறகு முணுமுணுப்பாக, பிறகு மனசுக்குள். வாரம் ஒரு வகுப்பில் அது கைவராது. வீட்டில் ரிமோட்டுக்குத் தம்பியோடு சண்டை வரும்போது அம்மாவோ அப்பாவோ அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் அலன் கஸ்டின் குழுவினர் 1992ல் வெளியிட்ட ஆய்வில், 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் பயிற்சி தந்ததைவிட, பெற்றோருக்கு மட்டும் தந்ததைவிட, இருவருக்கும் சேர்த்துத் தந்ததில்தான் பலன் கூடுதலாக இருந்தது.

அதற்காகத்தான் பெற்றோர் அமர்வு வைத்தோம். பெரும்பாலோர் பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பாக்கள் வருவது மிகக் குறைவு. வராதவர்களிடமிருந்துதான் "அவன் மாறவே இல்லை" என்ற புகாரும் வருகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரவு செலவுக்குக் கட்டிவரவில்லை, காரணம் சந்தா பாக்கி. சில மாதங்கள் மண்டப வாடகையைச் செயற்குழுவினர் சிலர் கைக்காசு போட்டுக் கட்டினோம்.

பயிற்றுநருக்கும், மாவட்ட மனநலத் திட்ட ஆலோசகருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த அன்பர்களுக்கும் நன்றி.

வரும் ஜூனில் வகுப்பு தொடருமா என்பதை இன்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் மனமுவந்து ஒப்படைப்பேன். வகுப்பை மட்டும் நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகமும் பெற்றோர் அமர்வுக்கான பெயர்ப் பட்டியலும் வாசல் மேசையில் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் நான் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்