பியானோவை நசுக்கிய விளம்பரம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024 மே 7 அன்று ஐபேட் ப்ரோவுக்காக ஆப்பிள் வெளியிட்ட ‘க்ரஷ்’ விளம்பரத்துக்குக் கடும் எதிர்ப்பு வந்தது. இரண்டே நாளில், குறி தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. தொலைக்காட்சி ஒளிபரப்பையும் கைவிட்டது. சமூக ஊடகக் கூச்சல் என்று இதை ஒதுக்க முடியாது. கோளாறு படத்துக்குள்ளேயே இருக்கிறது.

சொல்ல வந்தது எளிது: இசைக்கருவி, பெயின்ட் என இத்தனை படைப்புக் கருவிகளும் ஐபேட் ப்ரோவின் 5.1 மில்லிமீட்டர் தடிமனுக்குள் அடக்கம். ஆனால் அந்தச் செய்தி கடைசி நொடிகளில்தான் வருகிறது. அதுவரை ஹைட்ராலிக் பிரஸ் என்னும் ராட்சத நசுக்கும் இயந்திரம் அந்தக் கருவிகள்மேல் இறங்கிக்கொண்டே இருக்கிறது. ட்ரம்பெட் நெளிகிறது, பியானோ நொறுங்குகிறது, பெயின்ட் பீறிட்டு வழிகிறது, மஞ்சள் பொம்மைப் பந்தின் கண்கள் பிதுங்குகின்றன. இவ்வளவு நெருக்கத்தில் காட்டினால் மனதில் தங்குவது வலிதான்.

நேரமும் சரியில்லை. முந்தைய ஆண்டுதான் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செயற்கை நுண்ணறிவுக்குக் கட்டுப்பாடு அவர்களுடைய முக்கியக் கோரிக்கை. தொழில்நுட்பம் தங்களை நசுக்கிவிடும் என்று கலைஞர்கள் அஞ்சிய நேரத்தில், அதையே படமாகக் காட்டியது போல ஆகிவிட்டது. நடிகர் ஹியூ கிராண்ட் இந்த விளம்பரத்தைக் கண்டு கொதித்ததில் வியப்பில்லை. ஜப்பானியர்களோ, கருவிகளை அவமதிக்கும் செயல் என்று வருந்தினார்கள்.

பிறகு இணையத்தில் சிலர் அதே படத்தைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டினார்கள். பிரஸ் மேலே எழ எழ, கருவிகள் முழுதாக மீண்டு வந்தன. ஒரு ஷாட்கூட மாறவில்லை, பொருள் அடியோடு மாறிவிட்டது!

வெளியிடும் முன் ஒலியை நிறுத்திவிட்டு, இசைக்கலைஞர்கள் நாலைந்து பேருக்குப் போட்டுக் காட்டி, “என்ன பார்த்தீர்கள்?” என்று மட்டும் கேட்டிருக்கலாம். “உடைத்துப் போட்டார்கள்” என்ற பதில் உடனே வந்திருக்கும்.

— விளம்பரத் துறை வாசகர், சென்னை