கண்ணாடி தந்த பாய்க்கும் மற்ற எல்லாருக்கும்

வணக்கம்.

நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. கானாடுகாத்தான் தச்சு வேலையில் ரம்பத்தில் என் இடது கை விரல் இரண்டு போன அன்றைக்குக் கூட இருந்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து பார்த்துப் போனவர்களுக்கும் தெரியும். நேற்று, நாலு மாதம் கழித்து, உளி பிடித்தேன். அரை மணி நேரம்தான். ஒரு பழைய வாசல் நிலையில் தளர்ந்துபோன துளையைச் சுத்தம் செய்தேன். அந்தச் சந்தோஷம் ஆறிப்போவதற்குள் இதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். செல்போனில் வலது கை ஒற்றை விரலால் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

துண்டைச் சுற்றி, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே லோடு ஆட்டோவில் வந்த இரண்டு தம்பிகளுக்கும், தைத்து அனுப்பிய டாக்டருக்கும், இரவெல்லாம் நான் எரிந்து விழுந்தாலும் முகம் சுளிக்காத நர்ஸ் அக்காவுக்கும், தங்களுக்குள் காசு போட்டுக் கொண்டுவந்து கொடுத்த கொத்தனார் செட்டுக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைச் சத்தமில்லாமல் கட்டிவிட்ட மச்சானுக்கும், நல வாரிய மனுவை மூன்று தடவை திருத்தி எழுதிக்கொடுத்த சங்கத்துத் தம்பிக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் கவுனி அரிசி கிண்டிக் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு ஆச்சிக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் நேரில் பார்க்கும்போது திட்டிவிடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் எனக்குச் சொந்தமில்லை, வேலை கொடுத்தவருமில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய். கதவுக்குப் பித்தளைக் குமிழ், பழைய கீல் என்று தேடி அவ்வப்போது போவேன், அவ்வளவுதான் பழக்கம்.

புண் ஆறினதும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நல்ல வேளை, ரெண்டோட போச்சு." உண்மைதான். ஆனால் போன விரல்தான் வலித்தது. இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் இல்லை, கண்ணால் பார்க்கிறேன். ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் அந்தச் சுண்டு விரல் மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்தும். பிரிக்கலாம் என்றால் பிரிக்க விரல் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது? இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் மந்திரிக்கக் கூட்டிப்போகிறேன் என்றார். வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் ஒரு கையில் இரண்டு விரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போனதாகக் கணக்கு என்று போட்டிருப்பதாகச் சங்கத்துத் தம்பி காட்டினான். தூக்கம் போனதற்கு அதில் கணக்கில்லை. பெண்டாட்டி சட்டைப் பொத்தான் போட்டுவிட வந்தால் கையைத் தட்டிவிடுவேன். அந்த அளவுக்கு ஆகிப்போயிருந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கும் தங்கச்சி மட்டும்தான் சிரிக்கவில்லை. "இது நிறையப் பேருக்கு வருதுண்ணே. மூளைக்குள்ள கைக்குன்னு ஒரு வரைபடம் இருக்கு. விரல் போனாலும் வரைபடத்துல அது அழியல" என்றது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் சாதாரணக் கண்ணாடியை வைத்து இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாராம். நெஞ்சுக்கு நேராகக் கண்ணாடியை நிறுத்தி, அடிபட்ட கையை அதற்குப் பின்னால் மறைத்துவைக்க வேண்டும். நல்ல கையை முன்னால் வைத்து விரலை மடக்கி நீட்ட வேண்டும். கண்ணாடிக்குள் தெரிவதுதான் உங்கள் இடது கை என்று பார்க்க வேண்டும். எல்லாருக்கும் கேட்காது, சிலருக்குக் கேட்கும், காசா பணமா, செய்து பாருங்கள் என்றது. ஒன்றரை அடிக்குக் குறையாத கண்ணாடி வேண்டும், ரசம் போயிருக்கக் கூடாது.

எங்கள் வீட்டில் இருந்தது முகம் பார்க்கிற கண்ணாடி, அதிலும் பாதி ஸ்டிக்கர் பொட்டு. பாய் கடைக்குப் போய், ஏதாவது உடைசல் கண்ணாடி இருந்தால் கொடுங்கள், விலை சொல்லுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். தயங்கித் தயங்கிச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். "எந்த விரல் ஆசாரி? எத்தன மணிக்கு வருது?" என்றுதான் கேட்டார். வைத்தியர் கேட்கிற மாதிரி. நாளன்றைக்கு வரச் சொன்னார்.

போனால், மங்குச் சாமானுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் நடுவே அது தயாராக நின்றது. பழைய பர்மா தேக்கு பீரோவின் பெல்ஜியம் கண்ணாடி, கீழ்மூலை உடைந்தது. நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டியிருந்தார். வெட்டின விளிம்பு கத்தி மாதிரி இருக்குமே, அதை எமரி போட்டுத் தேய்த்து, அதற்கு மேல் சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்துச் சுற்றிலும் ஒட்டியிருந்தார். ஒரு தடவை அறுபட்ட கை மறுபடி அறுபடக் கூடாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரு கையால் பிடிக்க முடியாது என்று பின்னால் ஒரு கால் வேறு. அந்த மர வேலையை மட்டும் நான் சொல்லியே ஆக வேண்டும். மகா மோசம். பலகை கோணல், ஆணி இரண்டு வளைந்து தலை வெளியே நின்றது. ஐந்தாம் வகுப்புப் பையன் இன்னும் நன்றாக அடிப்பான். ஆனால் அதைப் பார்த்ததும் சுத்தியல் எங்கே என்று கை தேடியது. அடிபட்ட பிறகு ஒரு கருவியைத் தொட வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

பணம் வாங்கவில்லை. "இனாம் இல்ல, இரவல். வலி போனதும் கொண்டாந்து குடுத்துரணும்" என்றார். சும்மா எடுத்துப் போ என்றிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். அடிபட்டதிலிருந்து வாங்கி வாங்கிக் கூசிப்போயிருந்த கை அது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றதும் மடியில் வாங்கிக்கொண்டேன். வலி போகும் என்று அவர் தீர்மானமாகச் சொன்னதும் எனக்குப் பெரிதாக இருந்தது.

காலையும் ராத்திரியும் பத்து நிமிஷம். முதல் ஒரு வாரம் ஒன்றும் இல்லை, என்னையே ஏமாற்றிக்கொள்கிற மாதிரி வெட்கமாக இருந்தது, கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, கண்ணாடிக்குள் சுண்டு விரல் நீண்டபோது நகம் குத்துவது சட்டென்று விட்டது. பெண்டாட்டியைக் கூப்பிட்டேன். என்னமோ ஏதோ என்று ஓடிவந்தவள், நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவளும் அழுதாள். அப்புறம் மறுபடி வந்தது, போனது, வந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு ராத்திரி வருகிறது. மற்ற ராத்திரி தூங்குகிறேன்.

பிடிமானம் முழுசாக இல்லை. உளியை இறுக்கிப் பிடிக்கிற பலம் சுண்டு விரல் பக்கம்தான் இருந்திருக்கிறது, இவ்வளவு வருஷம் தொழில் செய்தும் எனக்குத் தெரியவில்லை. கொட்டாப்புளி ஓங்கும்போது உளி நழுவுகிறது. பழகிவிடும். என் பட்டறையில் ரம்பத்து மூடியை இனி யாரும், வேலை எவ்வளவு அவசரமானாலும், கழற்றக் கூடாது. கழற்றுகிறவன் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சின்னப் பையன்களிடம் சொல்லியாகிவிட்டது.

வேலை முடிந்த கையோடு நேற்றுச் சாயங்காலம் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "முழுசாப் போயிருச்சா?" என்றார் பாய். வாரத்துக்கு இரண்டு தடவை என்றேன். "அப்ப எதுக்குத் தூக்கிட்டு அலையிறீங்க? இன்னும் இரவல் முடியலையே" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த வளைந்த ஆணியை மட்டும் பிடுங்கி நேராக அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். என் கடைச் சாமானில் கை வைக்காதீர்கள் என்றுவிட்டார்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம். கண்ணாடியை மடியில் நிறுத்திப் பிடித்திருந்தேன். முன் சீட்டுக் குழந்தை அதில் முகம் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டே வந்தது. கண்டக்டர் குனிந்து பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு அரை டிக்கெட் போடவா, முழு டிக்கெட் போடவா என்றார்.