பழைய பிக்கப் வண்டியிலிருந்து கட்டிய உழவு டிராக்டருக்குத் தனி வகைப்பாடும் ஆய்வு நடைமுறையும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சொந்த நிலத்தில் பயிர் செய்துவரும் சிறு விவசாயி.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
வேளாண்மைப் பொறியியல் துறை.

பொருள்: விவசாயிகள் சொந்தப் பயன்பாட்டிற்காகப் பழைய பிக்கப் வண்டிகளை மாற்றிக் கட்டும் டிராக்டர்களை ஆய்வு செய்து சான்று வழங்க நடைமுறை வகுக்குமாறு வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புதிய டிராக்டர் வாங்கும் அளவுக்கு என் நிலமும் இல்லை, வருமானமும் இல்லை. சரக்குப் பெட்டி முழுவதும் துருப்பிடித்து, இன்ஜினும் கியர் பாக்ஸும் மட்டும் நல்ல நிலையில் இருந்த பிக்கப் வண்டி ஒன்றை, வெல்டிங் தெரிந்த நண்பரின் துணையோடு டிராக்டராக மாற்றி, இரண்டு ஆண்டுகளாக என் வயலை உழுதுவருகிறேன். இந்த வண்டி இன்று எந்த விதியின் கீழும் இல்லை. சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, வெட்டிக் குறுக்கியதால் அது பழைய பதிவின்படி பிக்கப் அல்ல. தொழிற்சாலையில் உருவாகிச் சோதனைச் சான்று பெற்ற மாதிரி அல்ல என்பதால் டிராக்டராகவும் ஏற்கப்படவில்லை. ஆய்வு செய்து குறைகளைச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று நான் கேட்டபோது, ஆய்வு செய்வதற்கான படிவமே இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. பதில் சொன்ன அலுவலர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கையில் விதி இல்லை. அந்த விதியை வகுத்துத் தருமாறு வேண்டியே இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறேன்.

இந்த மாற்றத்தில் எது எளிது, எது ஆபத்து என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டபடி சொல்வது தங்கள் பரிசீலனைக்கு உதவும் என்று நம்புகிறேன். பிக்கப் வண்டிக்கு இழுக்கும் வலு இருக்கிறது, நிதானம்தான் இல்லை. முதல் கியரின் விகிதம் நான்குக்கு ஒன்று (இன்ஜின் நான்கு சுற்று சுழன்றால் வெளியே ஒரு சுற்று), பின் அச்சிலுள்ள பற்சக்கர இணையான கிரவுன் பினியனின் விகிதமும் நான்குக்கு ஒன்று, டயரின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இன்ஜின் நிமிடத்திற்கு 1,500 சுற்று சுழலும்போது வண்டி மணிக்கு 12 கிலோமீட்டருக்குமேல் ஓடுகிறது. உழவுக்கு வேண்டியதோ 4 முதல் 6 கிலோமீட்டர்தான். வேகத்தைக் குறைக்க கிளட்சைப் பாதி அழுத்தியபடியே உழுது, முதல் வாரத்திலேயே கிளட்ச் தட்டைக் கருக்கினேன். பிறகு, முதல் கியர் பாக்ஸுக்குப் பின்னால் அதே போன்ற இன்னொரு கியர் பாக்ஸை வரிசையாகப் பொருத்தி, அதை முதல் கியரிலேயே நிலையாகப் பூட்டிவிட்டோம். இப்போது முன் கியர் பாக்ஸின் இரண்டாம் கியரில் வண்டி ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக உழுகிறது. டாப் கியரில் இன்ஜினை 3,000 சுற்று வரை முடுக்கினாலும் 25 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இந்தப் பூட்டின் மீது துறை ஒரு முத்திரை வைத்துவிட்டால், வேகக் கட்டுப்பாட்டைத் தனியாகக் கண்காணிக்க வேண்டிய தேவையே இராது.

வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தபோது முறுக்கு விசை நான்கு மடங்காயிற்று என்பதை நான் காலம் கடந்துதான் புரிந்துகொண்டேன். சக்கரங்கள் மண்ணில் வழுக்கிக்கொண்டிருந்த வரை அந்த வழுக்கலே அச்சைக் காப்பாற்றியது. பிடிப்பு வேண்டி டயரில் தண்ணீர் நிரப்பி, பின்பக்கம் இரும்புப் பாளங்களையும் ஏற்றிய பிறகு வழுக்கல் நின்றது. அடுத்த நாளே அச்சுத்தண்டு முறிந்து, சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிட்டது. இப்போது அதே விகிதமுள்ள, கனரக வண்டிக்குரிய அச்சைப் பொருத்தியிருக்கிறேன். அதில் வண்டியின் எடையை அச்சுக்குழாய் தாங்குவதால், தண்டு முறிந்தாலும் சக்கரம் கழலாது. மெதுவாக ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்காது என்பதால் ரேடியேட்டர் விசிறிக்கு உறையும் அமைத்தேன்.

ஆனால் இம்மனுவை எழுதத் தூண்டியது இவற்றில் எதுவும் அல்ல. தொடக்கத்தில் கலப்பைச் சங்கிலியைச் சேஸிஸின் பின் குறுக்குச் சட்டத்தில், அதாவது அச்சுக்கு மேலே, கட்டியிருந்தேன். மண்ணுக்குள் கிடந்த வேரில் கலப்பை மாட்டியதும் முன்சக்கரங்கள் ஒரு முழ உயரத்துக்கு எழும்பின. கிளட்சை மிதித்ததால் உயிர் பிழைத்தேன். கலப்பையைப் பூட்டும் இடமான இழுவைப் புள்ளி பின் அச்சின் மையத்துக்கு மேலே இருந்தால் வண்டி பின்னோக்கிப் புரளும், அது கீழேதான் இருக்க வேண்டும் என்ற செய்தியை எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு வரியை அறியாமல் இத்தகைய வண்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பவர்களை நினைத்தால் எனக்கு உறக்கம் வருவதில்லை. ஆய்வுக்கு இடமில்லாததால் இவர்கள் வண்டியை மறைத்து வைக்கிறார்கள். மறைத்து வைப்பதால் விவரம் அறிந்த ஒருவருடைய கண்ணிலும் அது படுவதில்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகே, வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவர் நசுங்காமல் காக்கும் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகமும் சீட் பெல்ட்டும் பொருத்தினேன்.

நான் கேட்பது புதுமையான சலுகை அல்ல என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி காரை டிராக்டராக மாற்றும் உதிரிபாகத் தொகுப்புகள் 1910-களிலேயே விற்கப்பட்டன. சுவீடனில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டிராக்டர் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பழைய கார்களை மாற்றிக் கட்டிய டிராக்டர்களுக்கு அந்நாட்டு அரசு விதிகளை வகுத்து அனுமதி அளித்தது. 1975-ஆம் ஆண்டு அவை ‘ஏ-டிராக்டர்’ என்ற தனி வகையாக வரையறுக்கப்பட்டு, வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் இருக்கும்படி கட்டமைக்கப்பட வேண்டும் என்று ஆயிற்று. பிற்காலத்தில் அவ்வண்டிகளைச் சிறுவர்கள் சாலைப் பயணத்துக்கு அதிகம் பயன்படுத்தியதால் விபத்துகள் கவலை தந்தன என்பது உண்மையே. அதற்காக அந்த வகையையே ஒழித்துவிடாமல், 2023-இல் பயணிகளுக்கு இருக்கையும் சீட் பெல்ட்டும் கட்டாயமாக்கப்பட்டன. வகைப்பாடு ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தத் திருத்தமும் கைகூடியது.

எனவே, சொந்த நிலத்தில் உழுவதற்கும், ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குச் செல்லச் சாலையைக் கடப்பதற்கும் மட்டும் பயன்படும் இத்தகைய வண்டிகளைத் தனி வகையாக ஏற்று, வேளாண் பொறியாளர் ஒருவரும் வாகன ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து நேரில் ஆய்வு செய்து சான்று வழங்கும் நடைமுறையை உருவாக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆய்வில் இழுவைப் புள்ளியின் உயரம், கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகம், பிரேக், சேஸிஸை வெட்டி ஒட்டிய இடத்து வெல்டிங், சுழலும் தண்டுகளின் மறைப்பு ஆகியவை கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். இவற்றில் குறையுள்ள வண்டிக்கு, என்னுடையதே ஆனாலும், சான்று மறுக்கப்படட்டும். ஆனால் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தந்து, திருத்திக்கொண்டு மீண்டும் வர அவகாசம் அளிக்க வேண்டுகிறேன். வாடகை உழவுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்வதற்கும் இவ்வண்டிகளை அனுமதிக்கக் கூடாது என்பதே என் கருத்தும்.

நடைமுறை வகுக்கக் காலம் பிடிக்கும் என்பதை அறிவேன். அதுவரை, மேற்சொன்ன பாதுகாப்பு விவரங்களை எளிய படங்களோடு ஒரு கையேடாக அச்சிட்டு வேளாண் அலுவலகங்களில் கிடைக்கச் செய்தால், அதுவே சில உயிர்களைக் காக்கும். என் வண்டியின் அளவுகளோடு கூடிய வரைபடத்தையும், முறிந்த அச்சுத்தண்டின் புகைப்படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன். துறையின் பொறியாளர்கள் எந்த நாளில் வந்தாலும் வண்டியை வயலில் ஓட்டிக் காட்டவும், சோதனைக்காகச் சில வாரங்கள் துறையின் பொறுப்பில் ஒப்படைக்கவும் ஒப்புக்கொள்கிறேன். ஆய்வு நாளை முன்கூட்டியே தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: வண்டியின் வரைபடம், புகைப்படங்கள், பழைய பதிவுச் சான்றின் நகல்.