தலைவிக்குக் கைவந்தது எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மகளிர் குழுத் தலைவிகளுக்கான பயிற்சி என்றாலே ஒரே பாடம்தான். கணக்கு வராதவர் கணக்கு படிக்க வேண்டும், கூச்சப்படுகிறவர் மைக்கில் பேசிப் பழக வேண்டும். குறையைத் தேடி ஒட்டுப்போடுவதிலேயே நாள் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்கு எது நன்றாக வரும் என்ற கேள்வியே எழுவதில்லை. கடற்பாசி வளர்க்கும் குழுக்களுக்கு இதனால் வரும் நஷ்டம் பெரிது.

12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்று 60 கிலோ விதைப்பாசி கட்டுகிறோம். நன்றாக வந்தால் 45 நாளில் நாலு மடங்கு. ஆனால் அந்த 45 நாளும் பழகிய கை ஒன்று தண்ணீருக்குள் இருந்தாக வேண்டும். கயிற்றைத் தூக்கி உதறி, படிந்த சேற்றைக் கழுவ வேண்டும். அடிவலை கிழிந்தால் ஓரா மீன் மேய்ந்துவிடும். தண்ணீர் சூடேறினாலோ, மழையில் உப்பு குறைந்தாலோ, நீரோட்டம் மந்தமானாலோ கிளை வெளுத்துக் குழையும், தொட்டால் ஒடியும். அதுதான் ‘ஐஸ்-ஐஸ்’ நோய். வெளுத்ததை அன்றே கிள்ளி எறிய வேண்டும். மிச்சம் தேறாது என்று தெரிந்தால் 45 நாளுக்குக் காத்திராமல் அறுத்துவிட வேண்டும். இதையெல்லாம் விரல் நுனியில் அறிகிற பெண்ணைத் தலைவியாக்கி, ரசீதுக்கட்டோடு அலுவலக வாசலில் உட்கார வைத்தால் கணக்கும் தேறாது, பாசியும் தங்காது.

அவர் தலைமை தாங்க வேண்டிய இடம் கடல்தான். எந்த நாளில் கட்டுவது, எப்போது அறுப்பது என்பதில் அவர் சொல்லே முடிவாகட்டும். பேரேட்டைக் கணக்கில் கெட்டிக்காரி எழுதட்டும். பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோதான். அதிலும் மணல் ஒட்டியிருந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். அவரிடம் அசராமல் பேசக்கூடியவர் எடை போடும் இடத்தில் நிற்கட்டும். ஊக்குநர், பிரதிநிதிகள் என்று பொறுப்பைப் பிரிக்கும் வழி குழுக்களில் ஏற்கெனவே இருக்கிறது.

தன் பலம் எது என்று தானாகத் தெரிந்துவிடாது. பிடித்த வேலை எல்லாம் கைவந்த வேலையும் அல்ல. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்ன வழி எளியது: முடிவெடுக்கும்போதே என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என எழுதிவைத்து, 9 முதல் 12 மாதம் கழித்து நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நமக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, பாசியே 45 நாளில் பதில் சொல்லிவிடும். ஒரு நோட்டில் தேதி, எடுத்த முடிவு, எதிர்பார்த்த எடை, கிடைத்த எடை என நாலு கட்டம் போதும். மூன்று அறுவடைக்குப் பிறகு, எந்த வகை முடிவு திரும்பத் திரும்பச் சரியாக வந்தது என்று பாருங்கள். உறுப்பினர்களிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் முகத்துக்காகத்தான் பேசுவார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாஸ்புக்கில் இருப்பைப் படிக்கத் தலைவிக்குத் தெரிந்தே ஆக வேண்டும். “எனக்குக் கணக்கு வராது” என்று வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போடுவது குழுவையே மூழ்கடிக்கும். மாதக் கடைசியில் இருப்பைக் கூட்டத்தில் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பலமும் அளவு மீறினால் கெடுதல்தான். வியாபாரியை மடக்கும் அதே குரல், குழுக் கூட்டத்தில் மற்றவர்கள் வாயை அடைத்துவிடும்.

பயிற்சி நடத்தும் துறையினரிடம் எங்கள் வேண்டுகோள்: வாடைக்காற்று தணிந்து வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) மிதவை இறங்கும் முன், பயிற்சியில் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்குங்கள். தலைவிகள் அந்த நோட்டோடு வரட்டும். யாருக்கு எந்த வேலை என்பதை அங்கேயே பேசி முடித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிக் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
கடற்பாசி வளர்ப்புப் பயிற்றுநர்கள்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.