பூங்கா விடுதிப் பயணம்: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய விடுதியில் குடும்பத்துடன் தங்குவோருக்குக் கிடைக்கும் பெரிய வசதி, பல பூங்காக்களில் மற்றவர்களுக்கு முன்பே உள்ளே செல்ல முடிவதுதான். வால்ட் டிஸ்னி வேர்ல்டு விடுதிகளில் இது 30 நிமிடம் என்பதால், வரிசை நீளும் சவாரிகளை முதலிலேயே முடித்துவிடலாம். அறை பெரும்பாலும் பிற்பகலில்தான் கிடைக்கும். பைகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டுச் செல்லுங்கள். குழந்தைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து, எந்தெந்தச் சவாரிகளில் ஏற முடியும் என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஏனெனில் வரிசையின் முனையில் திருப்பி அனுப்பப்பட்டு அழும் பிள்ளையைத் தேற்றுவது மிகவும் கடினம். நண்பகலில் முதியோரையும் சிறுவர்களையும் அறைக்கு அழைத்து வந்து சற்று உறங்க வைத்து, மாலையில் மீண்டும் செல்லலாம். அருகிலேயே அறை எடுப்பதன் முழுப் பயனும் அந்த ஓய்வில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அன்றே மீண்டும் நுழைய அனுமதி உண்டா என்பதை நுழைவுச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளவும்.